மீன் மட்டும் ஏன் பேசாது? (ரெட்வால் படித்தவர்கள் கொஞ்சம் வாங்க)

வாடிக்கரை
மே 4, இரவு 9:40

மண்டபத்துக்கும் வேதாளைக்கும் நடுவுல ஒரு கடற்கரைக் குடியிருப்புல சாயங்காலம் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றேன். இப்ப லீவு, பாடம் கிடையாது. ஆனாலும் பிள்ளைங்க வர்றது நிக்கல. ஏப்ரல் 15-லேருந்து தடைக்காலம் வேற. விசைப்படகு எல்லாம் கரையில, அப்பாமார் எல்லாம் வீட்டுல. அப்பா வீட்டுல இருந்தா பிள்ளைங்க வெளியில இருக்கத்தான் பார்க்கும். சரின்னு தினம் ஒரு மணி நேரம் கதை சொல்ல ஆரம்பிச்சேன்.

எடுத்தது பிரையன் ஜேக்ஸ் எழுதின ரெட்வால். இங்கிலீஷ்ல படிச்சுட்டு நம்ம பேச்சுல சொல்றேன். தெரியாதவங்களுக்கு: ரெட்வால்ங்கிறது ஒரு மடம். அங்க சுண்டெலிகள் துறவிகளா இருந்து அக்கம்பக்கத்துப் பிராணிகளுக்கு மருந்து, சோறு, அடைக்கலம் எல்லாம் கொடுக்குதுங்க. காலுக்குப் பெருசான செருப்பைப் போட்டுக்கிட்டுத் தடுக்கி விழுற மத்தியாஸ்னு ஒரு பொடியன் சுண்டெலி. குளூனின்னு ஒத்தக்கண்ணு எலி ஒண்ணு படையோட வந்து மடத்தைப் பிடிக்கப் பார்க்குது. எப்பவோ வாழ்ந்த மார்ட்டின்ங்கிற வீரனோட வாள் எங்கயோ இருக்கு, மத்தியாஸ் அதைத் தேடிப் போறான்.

அந்தச் செருப்புக்கே பாதிப் பிள்ளைங்க சொக்கிப் போச்சு. அண்ணன் செருப்பைப் போட்டு நடக்காத பிள்ளை எங்க ஊர்ல யாரு?

மூணாம் நாள்தான் மாட்டிக்கிட்டேன். மடத்துல விருந்து. மத்தியாஸும் இன்னொரு துறவியும் குளத்துல படகுல போய் ஒரு பெரிய மீனைப் பிடிச்சுட்டு வர்றாங்க. நம்ம பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்னு நினைச்சு தூண்டில் இழுத்தது, கை வலிச்சது எல்லாத்தையும் நீட்டி முழக்கிச் சொன்னேன். நாலாங்கிளாஸ் படிக்கிற ஒருத்தி கையைத் தூக்கினா.

"அக்கா, எலி பேசுது, குருவி பேசும்ங்கிறீங்க, பாம்பும் பேசும்ங்கிறீங்க. மீன் மட்டும் ஏன் பேசல?"

எனக்கு வாயடைச்சுப் போச்சு. பின்னாலேருந்து ஒரு பையன், "பேசுனா திங்க முடியாதுல்ல" அப்படின்னான். அன்னைக்குக் கதை அத்தோட சரி. ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு சண்டை.

படிச்சவங்க சொல்லுங்க. கதையை மாத்தலாமா? மீனைப் பேச வைக்கவா, இல்ல விருந்துலேருந்து மீனைத் தூக்கவா?


ஏழாம்_நம்பர்
மே 4, இரவு 10:05

அக்கா, தயவுசெஞ்சு கை வைக்காதீங்க. 22 புத்தகத்துல பதினாறு படிச்சவன் சொல்றேன். அந்த உலகத்துக்கு ஒரு சட்டம் இருக்கு. ரோமமும் இறக்கையும் இருக்கிறது பேசும், பாம்பு மாதிரி ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு. மீன், இறால் எல்லாம் சாப்பாடு. பின்னால வர்ற புத்தகங்கள்ல நீர்நாய்ங்க இறாலும் காரக்கிழங்கும் போட்டு ஒரு சூப் வைக்கும். அதைப் படிச்சா நமக்கே மூக்குல தண்ணி வரும்.

இன்னொண்ணு. முதல் புத்தகத்துல குளூனி படை ஒரு வைக்கோல் வண்டியில வருதுல்ல, அதை இழுக்கிற குதிரையும் பேசாது. அதனால மீனை மட்டும் ஒதுக்கிட்டாங்கன்னு சொல்ல முடியாது.


தொண்டிரோடு
மே 4, இரவு 10:11

குதிரைக்கு அத்தாம் பெரிய வண்டின்னா அதுல ஆள் ஏறி ஓட்டுற அளவு மனுசன் இருக்கணுமே? எலிக்கு மடம் கட்டுன கொத்தனார் யாரு?


ஏழாம்_நம்பர்
மே 4, இரவு 10:14

அது ரசிகர்கள் வருசக்கணக்கா அடிச்சுக்கிற விசயம். முதல் புத்தகத்துல மட்டும் அந்தக் குதிரை, வண்டி, ஒரு சர்ச் எல்லாம் மனுச அளவுல வரும். அப்புறம் ஆசிரியரே மனுச வாடையை விட்டுட்டார். நாய் அளவு இருக்கிற பேட்ஜரும் சுண்டெலியும் ஒரே கதவு வழியாப் போறது எப்படின்னு கேக்காதீங்க. கேட்டா கதை நகராது.


பழையபுத்தகம்
மே 5, காலை 6:20

ராமநாதபுரத்தில் பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் புத்தகம் பிறந்த விதத்தை அறிந்தால் அந்தச் சிறுமியின் கேள்வி இன்னும் சுவையாகும்.

ஜேக்ஸ் 1939-இல் லிவர்பூலில் பிறந்தவர், துறைமுகப் பக்கத்துப் பிள்ளை. பதினைந்து வயதில் பள்ளியை விட்டுக் கப்பலேறினார். பிறகு துறைமுகக் கூலி, லாரி ஓட்டுநர், பால்காரர் என்று பல வேலைகள். பால் ஊற்றப் போன இடங்களில் ஒன்று பார்வையற்ற குழந்தைகளின் பள்ளி. அந்தப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டத்தான் ரெட்வாலை எழுதினார். விருந்துப் பகுதிகள் அவ்வளவு நீளமாக இருப்பதற்கும், மணம், சுவை, சத்தம், தொட்டால் எப்படியிருக்கும் என்பதெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் வருவதற்கும் அதுதான் காரணம். கண்ணால் பார்க்க முடியாதவர்களுக்குக் காதாலும் நாக்காலும் காட்ட வேண்டியிருந்தது. கையெழுத்துப் பிரதியை அவருடைய பழைய ஆசிரியர் ஒருவர் அவருக்குத் தெரியாமலே பதிப்பகத்துக்குக் காட்ட, 1986-இல் அச்சானது. 2011-இல் காலமானார்.

ஆக, வாடிக்கரை, வாயால் சொல்லிக் காதால் கேட்பதற்கென்றே பிறந்த கதையைத்தான் நீங்களும் வாயால் சொல்கிறீர்கள். காதை நம்பி எழுதிய கதையில் ஒரு காது "எனக்கு மீன் குரல் கேட்கவில்லையே" என்றால் அது சரியான இடத்தில் விழுந்த கேள்விதான்.


கச்சான்காத்து
மே 5, காலை 11:32

நான் விசைப்படகுல டிரைவர். இப்ப கரையில சும்மா கெடக்கேன், அதான் இதெல்லாம் படிக்க நேரம். அந்தப் புத்தகம் நான் படிக்கல. ஆனா ரெண்டு விசயம் சொல்லணும்.

ஒண்ணு, எலிதான் வில்லன்னா எழுதுன ஆளு கப்பல்ல கெடந்த ஆளுதான். தடைக்காலத்துல வலையச் சுருட்டி வாடியில போட்டா, எலி வந்து குட்டி போடுறதுக்கு அந்த வலைதான் மெத்தை. போன வருசம் பிரிச்சுப் பாக்கையில நடுவுல ஆள் நுழையுற ஓட்டை. பத்து நாள் உக்காந்து முடிஞ்சோம். வயரையும் விடாது. அதனால குளூனிய நல்லா ஒதைங்க.

ரெண்டாவது, மீன் பேசாதுன்னு யாரு சொன்னா? கீச்சான்னு ஏன் பேரு வந்துச்சு? கையில எடுத்தா கீச்சுக் கீச்சுன்னு கத்தும். கெளுத்தி மொனகும். கத்தாளை கூட்டமா வந்தா தண்ணிக்குள்ள கொர்ருன்னு சத்தம் வரும். எங்க அய்யா துடுப்பத் தண்ணியில ஊண்டி, அடுத்த முனையக் காதுல வச்சுக் கேட்டுத்தான் வலை விடுவாரு. அந்தப் புள்ள கரைப் புள்ள. அதுக்குத் தெரியும். லண்டன்காரருக்குத் தெரியாது.


ஏழாம்_நம்பர்
மே 5, காலை 11:50

லிவர்பூல்ணே.


கச்சான்காத்து
மே 5, காலை 11:52

சரி, அங்கிட்டு.


உப்பளம்
மே 5, மாலை 4:18

வாலிநோக்கத்திலிருந்து எழுதுறேன். நான் இந்தப் புத்தகங்களைப் பத்து வருசம் முன்னாடி என் தம்பிக்கு வாங்கி, அவனுக்கு முன்னாடி நானே முடிச்சவ. பிடிச்சிருந்துச்சு. இன்னைக்கும் அந்த விருந்துப் பக்கங்களைச் சும்மா புரட்டுவேன். ஆனா எனக்கு மீனைவிடப் பெரிய முள்ளு ஒண்ணு தொண்டையில நிக்குது.

அந்த உலகத்துல நீ யாருங்கிறது பிறக்கும்போதே முடிஞ்சு போச்சு. சுண்டெலியாப் பிறந்தா நல்லவன். எலி, நரி, இல்ல கீரி மாதிரி இருக்கிற வீசல், ஃபெரட்டாப் பிறந்தா கெட்டவன். சும்மா முதல் புத்தகத்தை வச்சுச் சொல்லல. 1995-ல வந்த ஒரு புத்தகத்துல ஒரு ஃபெரட் குட்டியை மடத்துல எடுத்து வளர்ப்பாங்க. அது திருடும், விசம் வைக்கும், துரத்தப்படும். 2001-ல வந்த இன்னொண்ணுல ஒரு நீர்நாய்க் குட்டியைக் கொள்ளைக் கூட்டம் தூக்கிட்டுப் போய் வளர்க்கும். அது கடைசிவரை தங்கமா இருக்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. வளர்ப்பு ஒண்ணுமே இல்ல, ரத்தம்தான் எல்லாம்ங்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்?

நம்ம மாவட்டத்துல உக்காந்து இதைப் பிள்ளைங்களுக்குச் சொல்றோம். 1957-ல முதுகுளத்தூர்ப் பக்கம் சாதிக் கலவரத்துல என்ன நடந்துச்சுன்னு தாத்தா பாட்டி சொல்லிக் கேட்ட ஊர் இது. பிறப்புல பேதமில்லைங்கிற குறளைக் கரும்பலகையில எழுதிட்டு, அது முன்னாடி நின்னு "எலிக் கூட்டத்துல ஒருத்தனும் உருப்பட மாட்டான்"னு கதை சொன்னா எப்படி?


ஏழாம்_நம்பர்
மே 5, மாலை 5:02

ரொம்ப ஓவரா யோசிக்கிறீங்க. அது எலி, மனுசன் இல்ல. அந்த ஃபெரட் கடைசியில தன்னை வளர்த்தவளைக் காப்பாத்தித்தான் சாகும், அதை விட்டுட்டீங்க. முதல் புத்தகத்துலயே எலிக்கு எதிரியான பூனை ஒண்ணு வருதே, சுண்டெலியைத் தொடாது, பெரிய மனுசத்தனமாப் பேசும். ஆந்தை ஒண்ணு சுண்டெலியைத் தின்ன மாட்டேன்னு வாக்குக் கொடுக்கும்.


உப்பளம்
மே 5, மாலை 5:20

காப்பாத்திட்டுச் செத்த பிறகும், அவன் நல்லவனா இருந்திருப்பானா மாட்டானாங்கிற சந்தேகத்தோடதானே புத்தகம் முடியுது? சுண்டெலி ஒண்ணு உயிரைக் கொடுத்திருந்தா அந்தச் சந்தேகம் வருமா? பூனை விசயம் சரி, ஒத்துக்கிறேன். முதல் புத்தகத்துல இடம் கொஞ்சம் தாராளமா இருக்கு. பின்னால போகப் போகத்தான் சுவர் உசந்துக்கிட்டே போகுது.


தொண்டிரோடு
மே 5, இரவு 8:45

எனக்கு ஒரே டவுட்டு. உப்பூர்ல வெயிலுகந்த விநாயகர் உக்காந்திருக்காரு. அவரோட வண்டியே எலிதான். எங்க அப்பத்தா எலிப் பொறி வைக்கும்போதுகூட மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் வைக்கும். இந்தக் கதைய இங்க சொன்னா பிள்ளையார் கோவிச்சுக்க மாட்டாரா?


பழையபுத்தகம்
மே 6, காலை 6:05

கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் வாகனம் மூஞ்சூறு என்பார்கள். ரெட்வாலில் மூஞ்சூறுகள் நல்லவர் அணி. காட்டில் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டு எந்நேரமும் வாக்குவாதம் செய்யும். ஒரு கருப்புக் கல்லைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே பேசலாம் என்பது அவற்றின் விதி. மற்றவர்கள் வாய் திறந்தால் சண்டை.

மொழிபெயர்ப்புச் சிக்கலும் இதில்தான். ஆங்கிலத்தில் 'மவுஸ்' என்றால் நல்லது, 'ராட்' என்றால் கெட்டது என்று பிரித்துவிட்டார்கள். நமக்கோ சுண்டெலி, வெள்ளெலி, வயலெலி, பெருச்சாளி எல்லாம் எலிதான். உறவுமுறை விட்டுப் போகவில்லை. பஞ்சதந்திரத்தில் ஹிரண்யகன் என்ற எலியரசன் வலையைக் கடித்துப் புறாக்களை விடுவிக்கிறான். அங்கே வலை கடிப்பதுதான் வீரம். கச்சான்காத்து என்ன சொல்வாரோ.


கச்சான்காத்து
மே 6, காலை 9:15

அது வேடன் வலை. நம்ம வலையா இருந்தா கதையே வேற.


கீழக்கரைக்காரி
மே 6, பகல் 2:30

எம் மக்க ரெண்டு பேருக்கும் நான் இத படிச்சுக் காட்டுனேன். அவங்க வாப்பா துபாய்ல, ராத்திரி போன்ல கதை எங்க நிக்குதுன்னு அவரும் கேப்பாரு. ரெண்டு மாசம் ஓடுச்சு.

எல்லாரும் பெரிய பெரிய விசயம் பேசுறீங்க. நான் சின்னதா ஒண்ணு சொல்றேன். கல்லுக் குவாரியில வர்ற அந்தப் பாம்பு. தன் பேரையே ஸ்ஸ்ஸ்னு இழுத்து இழுத்துச் சொல்லும். அத நான் கரண்ட் போன ராத்திரியில படிச்சுத் தொலைச்சேன். எளையவன் மூணு நாள் என் முந்தானைய விடல. புத்தகம் முழுக்கச் சாவு நெறைய. நல்லவங்களும் சாகுறாங்க. ஏழு வயசுப் புள்ளைங்க இருந்தா பாம்பு வர்ற எடத்த பகல்ல சொல்லுங்க டீச்சர்.

விருந்து விசயத்துல நான் கை வச்சேன், மறைக்க மாட்டேன். அவங்க ஊரு பழம், கேக்கு, சீஸு பேரெல்லாம் வாயில நுழையல, புள்ளைங்களுக்கு எச்சி ஊறல. எச்சி ஊறலைன்னா அந்தப் பக்கத்துக்கு அர்த்தம் என்ன? தொதல் வச்சேன். கருப்பட்டியும் தேங்காப்பாலும் கிண்டக் கிண்ட எண்ணெய் பிரிஞ்சு வர்றதச் சொன்னேன். நோன்புக் கஞ்சி வச்சேன். நீர்நாய் சூப்புக்கு நம்ம முண்டு மொளகா. மூத்தவன் "உம்மா, எலி மடத்துல தொதல் ஏது?"ன்னான். "கீழக்கரையிலேருந்து பார்சல் போச்சு"ன்னேன். நம்பிட்டான். நம்பலைன்னாலும் சிரிச்சான்.

மீன் பேசலைன்னு எம் மக்க கேக்கவே இல்ல. எங்க வீட்டுல மீன் கடையிலேருந்து வர்றதுனாலயோ என்னவோ.


உப்பளம்
மே 6, பகல் 3:10

கடைசி வரி. அதை நீங்க சின்னதுன்னு சொல்றீங்க பாருங்க.


வாடிக்கரை
மே 7, இரவு 10:20

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாள்ல நடந்ததைச் சொல்றேன்.

முதல்ல, நான் மாட்டிக்கிட்ட இன்னொரு இடம். கதையில அகழெலிங்க பட்டிக்காட்டு இங்கிலீஷ் பேசும், குருவிங்க கொச்சையாப் பேசும், மடத்தலைவர் சுத்தமாப் பேசுவார். நானும் அதே மாதிரி செஞ்சேன். மடத்தலைவருக்குப் பாடப்புத்தகத் தமிழ். அகழெலிக்கு எங்க கரைப் பேச்சு, "அங்கிட்டு இங்கிட்டு, வெள்ளன வாங்க, பைய போங்க" எல்லாம். பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சுது. எனக்குப் பெருமை. மறுநாள் அதே நாலாங்கிளாஸ்காரி: "அக்கா, மண்ணு தோண்டுறவங்க மட்டும் ஏன் நம்மள மாதிரி பேசுறாங்க? சாமியாரு ஏன் டிவி மாதிரி பேசுறாரு?"

உப்பளம் சொன்ன முள்ளு எங்க குத்துதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. நான் கவனிக்காமலே செஞ்ச வேலை அது, புத்தகத்து மேல பழி போட முடியாது. இப்ப மடத்தலைவரும் "வெள்ளன வாங்க"ன்னுதான் சொல்றார். குளூனிக்கு டிவித் தமிழைக் கொடுத்துட்டேன். செய்தி வாசிக்கிற மாதிரி அவன் மிரட்டும்போது இன்னும் பயமா இருக்கு.

ரெண்டாவது, மூஞ்சூறுங்க கல்லைக் கையில வச்சுப் பேசுற முறையை வகுப்புக்கு எடுத்துக்கிட்டோம். எங்க கிட்ட கல்லுக்குப் பதிலா ஒரு சங்கு. சங்கு வச்சிருக்கிறவங்க மட்டும் பேசணும். மொத நாள் சங்கையே பிடுங்கிச் சண்டை. ரெண்டாம் நாள் சரியாச்சு. ஒரு வருசமா வாயைத் திறக்காத ஒரு பையன் கைக்குச் சங்கு போச்சு, கொஞ்ச நேரம் வச்சுக்கிட்டே இருந்தான், அப்புறம் "எனக்கு நீர்நாய் பிடிக்கும்"னு சொல்லிட்டு அடுத்தவனுக்குக் கொடுத்தான். அவ்வளவுதான் சொன்னான்.

மூணாவது, பிள்ளைங்களே ஆள் மாத்த ஆரம்பிச்சுட்டாங்க. பேட்ஜர்னா என்னன்னு படம் காட்டியும் ஒட்டல. நான் கரடின்னு சொல்லிப் பார்த்தேன், ஜாம்பவான் மாதிரின்னு. கேக்கல. கான்ஸ்டன்ஸ்ங்கிற அந்தப் பேட்ஜர் பொம்பளை, ரொம்ப பலசாலி, ஆனா யாரையும் தானாத் தொந்தரவு பண்ணாது. "அப்ப அது ஆவுளியா"ன்னு, அதாவது கடற்பசுன்னு, முடிவு பண்ணிட்டாங்க. முயல் கதாபாத்திரம் ஒண்ணு வருதுல்ல, வாய் ஓயாத சாப்பாட்டு ராமன்? அது முயல் தீவுலேருந்து நீந்தி வருதாம். அதுல மட்டும் யாருக்கும் சந்தேகமே வரல.


கச்சான்காத்து
மே 7, இரவு 10:41

ஆவுளியா சரியான தேர்வு. கடல் புல்லத்தான் திங்கும், ஒரு உசுரத் தொடாது. எங்க தாத்தா காலத்துல அதப் பிடிச்சுத் தின்னதும் உண்மைதான். இப்ப வலையில மாட்டுனா அறுத்து விட்டுருவோம், வனத்துறையில கூப்புட்டுப் பாராட்டுறாங்க.

ஒரு விசயம் பாத்தீகளா? அந்தப் புத்தகம் 1986ன்னு அய்யா சொன்னாரு. அதே 1986-லதான் மன்னார் வளைகுடாத் தீவு இருபத்தொண்ணையும் கடல் தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க. அங்கிட்டு எலிக்கு மடம், இங்கிட்டு பவளப்பாறைக்குப் பூங்கா. முன்ன முயல் தீவுல எறங்கிக் கஞ்சி காச்சிக் குடிச்சவங்க நாங்க. இப்ப காலு வைக்க முடியாது. தப்புன்னு சொல்லல. பாறைய ஒடச்சு அள்ளுன காலத்தையும் பாத்திருக்கேன். ஆனா தீவப் பாத்துக்கிட்டே தள்ளி நிக்கையில ஒரு மாதிரி இருக்கும். மடத்துக்கு வெளிய நிக்கிற எலிக்கும் அப்படி இருந்திருக்குமோ என்னவோ.


ஏழாம்_நம்பர்
மே 7, இரவு 10:58

அண்ணே, முந்தாநாள் எலிய ஒதைக்கச் சொன்னீங்க.


கச்சான்காத்து
மே 7, இரவு 11:03

ஒதைக்கிறது வேற, நெனச்சுப் பாக்குறது வேற.


பழையபுத்தகம்
மே 8, காலை 5:50

பிராணிகள் படை திரட்டிப் போருக்குப் போன கதை நம் கரைக்குப் புதிதா? குரங்கு, கரடி, கழுகு எல்லாம் சேர்ந்து நின்ற இடத்தில்தான் நாம் மூன்று வேளை சாப்பிடுகிறோம். அணிலைப் பாருங்கள். வால்மீகியில் அந்த அணில் இல்லை. தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் வருகிறது: குரங்குகள் மலையைத் தள்ள, அணில் தண்ணீரில் நனைந்து மணலில் புரண்டு ஓடி அணை கட்ட உதவுகிறது. அதுவும் பேசவில்லை. பேசாமலேயே ராமாயணத்தில் இடம் பிடித்துக்கொண்டது. ரெட்வாலிலும் சுவரேறுவதில் கெட்டியான ஓர் அணில் உண்டு. குளூனி களவாடிய திரைச்சீலைத் துண்டை மீட்பதில் அதற்கும் பங்குண்டு.

உப்பளம் எழுப்பியது நியாயமான குறை. ஆனால் அதற்காகப் புத்தகத்தை அலமாரியில் பூட்ட வேண்டாம் என்பேன். நூலகத்தில் முப்பது வருடம் பார்த்தது: குறையில்லாத புத்தகங்களைப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சண்டை போட இடம் தரும் புத்தகம்தான் அட்டை கிழிந்து வரும்.


உப்பளம்
மே 8, காலை 8:30

பூட்டச் சொல்லல அய்யா. பக்கத்துல உக்காந்து படிக்கச் சொல்றேன். சந்தடி சாக்குல "நம்மள மாதிரி இல்லாதவன் எல்லாம் எலி"ன்னு ஒரு பிள்ளை வீட்டுக்குப் போயிரக் கூடாது. ஏற்கெனவே எங்க தெருவுல பிள்ளைங்க அடுத்த தெருப் பிள்ளைங்களுக்கு வைக்கிற பட்டப்பேர் போதும்.

வாடிக்கரை, குளூனி படையில ஒரு எலிக்காவது ஒரு வாசல் திறந்து விடுங்க. சாகுறதுக்கு முந்தி இல்ல. உயிரோட இருக்கும்போதே.


ஏழாம்_நம்பர்
மே 8, காலை 8:44

அப்படின்னா அது ரெட்வால் இல்லக்கா. வேற கதை.


உப்பளம்
மே 8, காலை 8:46

ஆமா. வேற கதைதான். அதுல என்ன தப்பு?


தொண்டிரோடு
மே 8, காலை 9:10

ரெண்டு பேரும் சங்கை வாடிக்கரைகிட்ட குடுங்கப்பா.


மட்டுறுத்துநர்
மே 8, பகல் 12:00

கதையின் முடிவைச் சொல்பவர்கள் முதல் வரியில் எச்சரிக்கை போடவும். இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. அந்த மணி விழும் விசயம் இன்னும் பலருக்குத் தெரியாது. (இப்போது தெரிந்துவிட்டது, மன்னிக்கவும்.)


கீழக்கரைக்காரி
மே 8, பகல் 1:15

மட்டுறுத்துநரே!


வாடிக்கரை
மே 19, இரவு 9:55

கொஞ்ச நாள் வர முடியல. கதை நேத்து முடிஞ்சுது. பாம்பைப் பகல்லதான் சொன்னேன், கீழக்கரை அக்கா புண்ணியத்துல யாரும் அழல. ஒரே ஒருத்தன் மட்டும் வீட்டுக்குத் தனியாப் போக மாட்டேன்னான், கொண்டு போய் விட்டேன்.

உப்பளம் கேட்ட வாசலை நான் திறக்கல. சங்கு சுத்தி வந்தப்போ, வலை முடியுற வீட்டுப் பையன் ஒருத்தன் கேட்டான்: "குளூனி படையில சின்ன எலி ஏதாச்சும் இருந்துச்சா? அதுக்கு எங்க போறதுன்னு தெரியாம கூட வந்திருக்கும்ல?" புத்தகத்துல அப்படி யாரும் இருந்ததா எனக்கு ஞாபகம் இல்லைன்னேன். "இருக்கும், எண்ணிப் பாக்கல" அப்படின்னான். அதை அப்படியே விட்டுட்டோம். ஏழாம் நம்பருக்குக் கோவம் வராதுன்னு நினைக்கிறேன், புத்தகத்துல ஒரு எழுத்தைக்கூட மாத்தல.

மீன் விசயம். பத்து நாள் ஓடுச்சு அந்தச் சண்டை. ஒரு கட்சி எல்லா மீனும் பேசணும்னுச்சு. இன்னொரு கட்சி பேசுனா அம்மா எப்படிக் கொழம்பு வைக்கும்னுச்சு. ஒருத்தன் கீச்சானும் கெளுத்தியும் மட்டும் பேசட்டும், அதுங்கதான் சத்தம் போடுதுன்னான். கெளுத்திக் கொழம்பை விட முடியாதுன்னு அதுவும் தோத்துப் போச்சு. சூடை பேசினா ஆயிரம் பேர் ஒரே நேரத்துல பேசும், காது போயிரும்னு ஒருத்தி. கணவாய்க்கு வாய் எங்க இருக்குன்னு ஒரு கிளைச் சண்டை.

நேத்து அந்த நாலாங்கிளாஸ்காரி சங்கை வாங்கினா. பேத்தை மட்டும் பேசட்டும்னா. ஏன்னு கேட்டேன்.

"அத யாரும் திங்க மாட்டாங்கக்கா, வெசம். வலையில வந்தா மணல்ல தூக்கிப் போட்டுருவாங்க. அது பந்து மாதிரி உப்பும், நாங்க ஒதச்சு வெளையாடுவோம். சொல்றதுக்கு அதுகிட்டதான் நெறைய இருக்கும்."

யாரும் எதிர்த்துப் பேசல. பின்னால உக்காந்திருந்த ரெண்டு பசங்க மட்டும் கால் விரலைப் பார்த்துக்கிட்டு இருந்தானுங்க.


கச்சான்காத்து
மே 19, இரவு 10:12

பேத்தை பேச ஆரம்பிச்சா மொதல்ல என்னையத்தான் வையும். அந்தப் புள்ளைய கேட்டதாச் சொல்லுங்க.


ஏழாம்_நம்பர்
மே 19, இரவு 10:30

கோவம் எல்லாம் இல்லக்கா. அடுத்து மார்ட்டினோட கதை சொல்லுங்க, மடம் கட்டுறதுக்கு முந்தி நடக்கிறது. என்கிட்ட பிரதி இருக்கு. வியாழக்கிழமை ராமேஸ்வரம் பஸ்ல வர்றேன், மண்டபம் ஸ்டாப்புல யார்கிட்ட கொடுக்கணும்? அட்டை கிழிஞ்சிருக்கு, பரவாயில்லையா?


பழையபுத்தகம்
மே 20, காலை 5:45

அட்டைக்கு என்னிடம் பசையும் துணியும் இருக்கிறது. ராமநாதபுரத்தில் இறங்கி ஏறுங்கள், தம்பி.